எல்எல்சி ஒத்ததிர்வு மாற்றிச் சோதனைப் பலகை: மென் நிலைமாற்றத்தின் பங்கு எவ்வளவு?

390 வோல்ட் நேர்மின்னழுத்தத்தை 12 வோல்ட்டாக இறக்கி, 20 ஆம்பியர் வரை, அதாவது 240 வாட் வரை வழங்கும் அரைப்பால எல்எல்சி மாற்றியின் சோதனைப் பலகை ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. எல்எல்சி என்பது இரண்டு மின்தூண்டல்களும் (L) ஒரு மின்தேக்கியும் (C) சேர்ந்த ஒத்ததிர்வுச் சுற்று; அரைப்பாலம் என்பது மேலும் கீழுமாக அடுக்கிய இரண்டு நிலைமாற்றிகள். மென் நிலைமாற்றத்தை, அதாவது மின்னழுத்தம் சுழியத்துக்கு இறங்கிய பிறகே நிலைமாற்றியை இயக்கும் முறையை, கற்க விரும்பும் மாணவர்களுக்கும், மின்வழங்கி வடிவமைப்பில் புதிதாக இறங்கும் பொறியாளர்களுக்கும் உரியது என்று சொல்லி விற்கப்படும் பலகை இது. முழுச் சுமையில் 96 சதவீதச் செயல்திறன் கிடைப்பதாகவும், அதற்குக் காரணம் சுழிய மின்னழுத்தத்தில் நடக்கும் நிலைமாற்றமே என்றும் அதன் கையேட்டின் முதல் பக்கம் கூறுகிறது. பலகை நன்றாகவே வேலை செய்கிறது. அந்த எண்ணிலும் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. ஆனால் அந்த எண்ணுக்குக் கையேடு சொல்லும் காரணம் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் பலகையிலேயே அளந்து காண முடிகிறது என்பதுதான், எனது பார்வையில், இதன் உண்மையான சிறப்பு.

முதலில் பலகையின் அமைப்பு. நிலைமாற்றிகளாக, மேலும் கீழுமாக இரண்டு சூப்பர்ஜங்ஷன் மாஸ்ஃபெட்கள் (உயர் மின்னழுத்தத்தைக் குறைந்த மின்தடையுடன் கையாளும் டிரான்சிஸ்டர்கள்) உள்ளன. அவற்றின் நடுமுனையிலிருந்து 110 மைக்ரோ ஹென்றி ஒத்ததிர்வு மின்தூண்டியும், 22 நானோ ஃபாரட் பாலிபுரோப்பிலின் மின்தேக்கியும், 600 மைக்ரோ ஹென்றி காந்தமூட்டு மின்தூண்டல் (மின்மாற்றியின் உள்ளகத்தைக் காந்தமாக்கும் முதன்மைச் சுற்றின் மின்தூண்டல்) கொண்ட 16:1 மின்மாற்றியும் தொடராக இணைகின்றன; இந்த ஒத்ததிர்வுச் சுற்றைத் தொட்டி என்பார்கள். இரண்டாம் பக்கத்தில் டயோடுகளுக்குப் பதிலாக மாஸ்ஃபெட்களைக் கொண்ட சிங்க்ரனஸ் ரெக்டிஃபையர் இருக்கிறது. இந்த மதிப்புகளிலிருந்து இரண்டு ஒத்ததிர்வு அதிர்வெண்கள் கிடைக்கின்றன: தொடர் மின்தூண்டியும் மின்தேக்கியும் மட்டும் சேர்ந்தால் சுமார் 102 கிலோஹெர்ட்ஸ், காந்தமூட்டு மின்தூண்டலும் சேர்ந்தால் சுமார் 40 கிலோஹெர்ட்ஸ். உள்ளீடு 384 வோல்ட்டாக இருக்கும்போது, இழப்புகளைக் கணக்கில் கொள்ளாவிட்டால், மாற்றி முதல் அதிர்வெண்ணிலேயே நின்று வேலை செய்யும். அந்தப் புள்ளியில் சுமை கூடினாலும் குறைந்தாலும் வெளியீடு மாறாது என்பதால், கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு அங்கே வேலை மிகக் குறைவு.

மாஸ்ஃபெட் ஒன்று அணைந்திருக்கும்போது அதன் மின்னோட்ட முனைகளான டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையிலுள்ள மின்தேக்கத்தில் ஆற்றல் சேர்ந்திருக்கும். அந்த மின்னழுத்தம் குறையாத நிலையில் கட்டுப்பாட்டு முனையான கேட்டின் மின்னழுத்தத்தை உயர்த்தி மாஸ்ஃபெட்டை இயக்கினால், சேர்ந்த ஆற்றல் முழுவதும் மாஸ்ஃபெட்டின் உள்ளேயே வெப்பமாகிவிடும். பயனுறு மின்தேக்கத்தை 200 பைக்கோ ஃபாரட் என்று எளிமையாகக் கொண்டால், 390 வோல்ட்டில் அந்த ஆற்றல் சுமார் 15 மைக்ரோ ஜூல். அதே கணத்தில் மற்ற மாஸ்ஃபெட்டின் மின்தேக்கம் நிரம்பவும் வேண்டியிருப்பதால், அதற்கும் இதே அளவு வீணாகும். இரண்டு மாஸ்ஃபெட்களும் 100 கிலோஹெர்ட்ஸில் இப்படி இயங்கினால் மொத்தம் 6 வாட் போகும். மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒன்றன்மேல் ஒன்று படியும் நேரத்து இழப்பும், உடல் டயோடு (மாஸ்ஃபெட்டின் உள்ளேயே அமைந்த டயோடு) அணையும்போது பின்னோக்கி ஓடும் மீள்நிலை மின்னோட்டமும் இதற்கு மேல். எல்எல்சி மாற்றியில், இரண்டு மாஸ்ஃபெட்களும் அணைந்திருக்கும் டெட் டைமின்போது, காந்தமூட்டு மின்னோட்டம் அந்த மின்தேக்கங்களில் ஒன்றைக் காலியாக்கி மற்றொன்றை நிரப்புகிறது. மின்னழுத்தம் சுழியத்துக்கு வந்து உடல் டயோடு கடத்தத் தொடங்கிய பிறகே கேட் உயர்கிறது. வீணாகியிருக்க வேண்டிய ஆற்றல் சுற்றுக்கே திரும்பிவிடுகிறது.

இதைக் கண்ணால் காட்டுவதில் இந்தப் பலகைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். கீழ் மாஸ்ஃபெட்டின் கேட் அலைவடிவத்தை ஆசிலோஸ்கோப்பில் பார்த்தாலே போதும். மின்னழுத்தம் இறங்காமலே இயக்கும் சாதாரணக் கடின நிலைமாற்றத்தில் கேட் மின்னழுத்தம் பாதி வழியில் சற்றுநேரம் தட்டையாக நின்று பிறகு உயரும். மில்லர் தளம் எனப்படும் அந்த மேடை, டிரெயின் மின்னழுத்தம் விழுந்துகொண்டிருப்பதன் அடையாளம். இங்கே அந்த மேடை இருப்பதில்லை. கேட் கோடு ஒரே மூச்சில் மேலேறுகிறது, ஏனெனில் விழவேண்டிய மின்னழுத்தம் முன்பே விழுந்துவிட்டது. நடுமுனை மின்னழுத்தத்தை ஆராயாமலே, கேட்டை மட்டும் பார்த்து நிலைமாற்றம் மென்மையானதா என்று சொல்லிவிட முடிகிற இந்த வசதியைக் கையேடு ஒரு வரியில்கூடக் குறிப்பிடாதது வியப்பளிக்கிறது.

டெட் டைமை 150 நானோ விநாடியிலிருந்து 800 நானோ விநாடி வரை மாற்ற ஒரு திருகு மின்தடை வைத்திருக்கிறார்கள். பலகையின் விலையை நியாயப்படுத்தும் உறுப்பு எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். காந்தமூட்டு மின்னோட்டத்தின் உச்சம் இங்கே சுமார் 0.81 ஆம்பியர். இரண்டு மின்தேக்கங்களுக்கும் சேர்த்து நகர்த்தவேண்டிய மின்னூட்டம் 156 நானோ கூலூம். ஆகவே ஏறத்தாழ 193 நானோ விநாடி தேவை. திருகை 150க்கு இறக்கினால், மின்னூட்டத்தில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகமே நகர்ந்திருக்கும்போது கேட் உயர்ந்துவிடுகிறது; காணாமல் போயிருந்த மேடை கேட் அலைவடிவத்தில் சிறியதாகத் தலைகாட்டுகிறது. இதில் பலர் எதிர்பாராத ஒன்று உண்டு. மீதமிருக்கும் மின்னழுத்தம் ஏறக்குறைய 87 வோல்ட். ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், நேரியல் மின்தேக்கம் என்று கொண்ட கணக்கில், வீணாவது முழு இழப்பில் சுமார் 5 சதவீதம்தான். முக்கால்வாசி மென்மை கிடைத்தாலே பெரும்பங்கு ஆதாயம் கைக்கு வந்துவிடுகிறது. கடைசி 80, 90 வோல்ட்டுக்காகக் காந்தமூட்டு மின்னோட்டத்தைத் தேவைக்கு மேல் உயர்த்துவது பல நேரங்களில் நட்டக் கணக்கு.

எனினும் சூப்பர்ஜங்ஷன் மாஸ்ஃபெட்டின் மின்தேக்கம் நேரியல் அன்று. மின்னழுத்தம் சில பத்து வோல்ட்டுக்குக் கீழே வரும்போது அது பல மடங்கு பெருகுகிறது. ஆசிலோஸ்கோப்பில் நடுமுனைக் கோடு சரிந்து வரும் விதத்தில் இது நன்றாகத் தெரிகிறது: தொடக்கத்தில் தயக்கம், நடுவில் செங்குத்தான வீழ்ச்சி, முடிவில் மீண்டும் ஒரு நீண்ட இழுவை. தரவுத்தாளில் 25 வோல்ட்டில் அளந்து கொடுத்த ஒற்றை எண்ணை வைத்து டெட் டைமைக் கணக்கிடுவோர் தவறான விடைக்குத்தான் வருவார்கள். நேரம் சார்ந்த பயனுறு மின்தேக்கம் என்று தனியே கொடுக்கப்படும் எண்ணையே எடுக்கவேண்டும். கையேட்டின் கணக்கு எடுத்துக்காட்டு எந்த எண்ணைப் பயன்படுத்தியது என்று சொல்லாமல் விடையை மட்டும் தருகிறது. கற்பிக்கும் கருவிக்கு இது பொறுத்துக்கொள்ள முடியாத குறை.

திருகை மறுபக்கம் திருப்பினாலும் பாடம் உண்டு. முழுச் சுமையில் 700 நானோ விநாடியை நெருங்கும்போது தொட்டியின் மின்னோட்டம் திசை மாறிவிடுகிறது, சுழியத்துக்கு வந்து காத்திருந்த மின்னழுத்தம் மீண்டும் எழத் தொடங்குகிறது, கேட் உயரும் நேரத்தில் மென்மை பறிபோய்விடுகிறது. டெட் டைம் நீளமாக இருந்தால் பாதுகாப்பு என்ற பொதுவான எண்ணம் இங்கே செல்லாது. சிலிக்கான் மாஸ்ஃபெட்டில் அந்தக் காத்திருப்பின்போது உடல் டயோடில் விழுவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு என்பதால் பெரிய இழப்பில்லை. காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரில் பின்னோக்கிக் கடத்தும்போது 2 வோல்ட் அளவிலோ அதற்கு மேலோ விழும், ஆகவே அங்கே ஒவ்வொரு கூடுதல் நானோ விநாடிக்கும் விலை உண்டு. மறுபுறம், அந்த டிரான்சிஸ்டர்களின் மின்தேக்கம் குறைவு என்பதால் டெட் டைமும் குறைவாகவே தேவைப்படுகிறது.

இப்போது 96 சதவீதக் கணக்குக்கு வருவோம். 240 வாட் வெளியீட்டில் 96 சதவீதம் என்றால் மொத்த இழப்பு 10 வாட். இரண்டாம் பக்கத்தில் ஷாட்கி டயோடு இருந்திருந்தால், 0.5 வோல்ட் வீழ்ச்சியில் 20 ஆம்பியருக்கு அந்த டயோடுகளே 10 வாட்டைத் தின்றிருக்கும். அவற்றின் இடத்தில் 2 மில்லி ஓம் மாஸ்ஃபெட்கள் இருப்பதால் கடத்தல் இழப்பு சுமார் 1 வாட்டுக்கு இறங்குகிறது. சேமிப்பு 9 வாட். முதன்மைப் பக்கத்தில் மென் நிலைமாற்றம் மின்தேக்க ஆற்றலில் மிச்சப்படுத்தியது, மேலே பார்த்த கணக்கின்படி, 6 வாட். ஆக, முழுச் சுமை எண்ணில் பெரிய பங்கு ரெக்டிஃபையருடையது. கையேட்டின் வரைபடமோ சிங்க்ரனஸ் ரெக்டிஃபையர் கொண்ட இந்தப் பலகையை, சாதாரண டயோடு கொண்ட பழைய கடின நிலைமாற்ற மாற்றியுடன் ஒப்பிட்டு, வித்தியாசம் முழுவதையும் மென் நிலைமாற்றத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது. ஒப்பீடு நேர்மையாக இருக்கவேண்டுமானால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும்.

மென் நிலைமாற்றம் உண்மையில் வாங்கித் தருவது அதிர்வெண் என்பதே எனது கருத்து. மேற்சொன்ன 6 வாட் 500 கிலோஹெர்ட்ஸில் 30 வாட்டாகிவிடும். அதை எந்த வடிவமைப்பாளரும் ஏற்கமாட்டார். அந்த இழப்பை நீக்கியதால்தான் அதிர்வெண்ணை உயர்த்தவும், அதன்வழி மின்மாற்றியையும் வடிகட்டியையும் சுருக்கவும் முடிகிறது. சூப்பர்ஜங்ஷன் மாஸ்ஃபெட்டின் உடல் டயோடு மெதுவாக மீள்வது என்பதால், கடின நிலைமாற்றத்தில் அந்த வகை மாஸ்ஃபெட்டை அரைப்பாலத்தில் வைப்பதே ஆபத்து. மென்மை இருப்பதால் அதன் குறைந்த மின்தடையைப் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது. பலகை 100 கிலோஹெர்ட்ஸிலேயே நின்றுவிடுவது இந்தப் பார்வையில் ஏமாற்றம்தான். இதே சுற்றை இரண்டு மூன்று மடங்கு அதிர்வெண்ணில் காட்ட இன்னொரு மின்மாற்றியையும் மின்தேக்கியையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், சொல்லவேண்டிய செய்தி முழுமையாகச் சென்று சேர்ந்திருக்கும்.

குறைந்த சுமையில் நிலைமை வேறு. முதன்மைப் பக்கத்தின் மின்னோட்டம் முழுச் சுமையில் சுமார் 1.47 ஆம்பியர் ஆர்எம்எஸ் (பயனுறு மதிப்பு). சுமையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் அது பத்தில் ஒன்றாகக் குறைவதில்லை, சுமார் 0.49 ஆம்பியர், மூன்றில் ஒரு பங்கில், நின்றுவிடுகிறது. மென்மைக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும் காந்தமூட்டு மின்னோட்டம் சுமையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மின்மாற்றியின் காந்த உள்ளகத்தின் இழப்பும் அப்படியே நிற்கிறது. நான்கு மாஸ்ஃபெட்களை இரு கிளைகளாகக் கொண்டு, கிளைகளுக்கு இடையிலான நேரப் பெயர்ச்சியால் வெளியீட்டைக் கட்டுப்படுத்தும் கட்டம் பெயர்த்த முழுப்பால மாற்றியில் இதற்கு நேர்மாறான சிக்கல்: பின்தங்கிய கிளையின் மென்மைக்குத் தேவையான ஆற்றல் கசிவு மின்தூண்டலிலிருந்து மட்டுமே வருவதால், சுமை குறையும்போது அந்த ஆற்றல் போதாமல் மென்மையே போய்விடும். எல்எல்சி எல்லாச் சுமையிலும் மென்மையைக் காக்கிறது, அதற்கான வாடகையையும் எல்லாச் சுமையிலும் செலுத்துகிறது. சர்வர் மின்வழங்கிகளுக்கான 80 பிளஸ் என்ற செயல்திறன் சான்றிதழின் டைட்டேனியம் தரம் 230 வோல்ட் உள்ளீட்டில் பாதிச் சுமைக்கு 96 சதவீதமும், 10 சதவீதச் சுமைக்கு 90 சதவீதமும் கேட்கிறது என்பதை நினைவில் கொண்டால், இந்த வாடகை ஏன் வடிவமைப்பாளர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது புரியும்.

இங்கேதான் கையேட்டின் மீது எனக்குள்ள முதன்மையான புகார். பலகையின் கட்டுப்பாட்டுச் சில்லுக்கும் கேட் இயக்கிகளுக்கும் தேவையான மின்சாரம் தனியான மேசை வழங்கியிலிருந்து வருகிறது. செயல்திறன் வரைபடத்தில் அது சேர்க்கப்படவில்லை. முழுச் சுமையில் இது பொருட்டில்லை. 24 வாட் சுமையிலோ, துணை வழங்கி 1 வாட் எடுத்தாலே அது வெளியீட்டின் 4 சதவீதத்துக்கு மேல். வரைபடத்தின் இடது ஓரம் அவ்வளவு அழகாக உயர்ந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். தாமே அளக்க விரும்புவோர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: இழப்பு என்பது இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம். உள்ளீட்டு அளவீட்டில் அரை சதவீதம் பிழை இருந்தால், 250 வாட்டில் அது 1.25 வாட், 10 வாட் இழப்பில் எட்டில் ஒரு பங்கு. மின்னழுத்தத்தைப் பலகையின் முனைகளிலேயே, மின்னோட்டம் செல்லாத தனிக் கம்பிகளால் அளக்காவிட்டால், 20 ஆம்பியரில் வெளியீட்டுக் கம்பிகளின் வீழ்ச்சியும் மாற்றியின் இழப்பாகவே கணக்கில் ஏறிவிடும். பலகையில் அதற்கான தனி முனைகள் வைத்திருப்பது பாராட்டுக்குரியது.

பாதுகாப்பு ஏற்பாடுகளில் திருப்தி அரைகுறைதான். மிகைச்சுமையில் அதிர்வெண் கீழே இறங்கி உச்ச ஆதாயப் புள்ளியை (வெளியீட்டு மின்னழுத்தம் மிக அதிகமாகக் கிடைக்கும் அதிர்வெண்ணை) தாண்டிவிட்டால், தொட்டி மின்தேக்கியைப் போல நடந்துகொள்ளத் தொடங்கும். மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு முந்தும். மென்மை மறைந்து, கடத்திக்கொண்டிருக்கும் உடல் டயோடின் மீதே எதிர் மாஸ்ஃபெட் இயங்கும். எல்எல்சி மாற்றிகளில் மாஸ்ஃபெட்கள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். பலகை இதற்குக் குறைந்தபட்ச அதிர்வெண்ணை ஒரு மின்தடையால் நிர்ணயித்து நிறுத்திக்கொள்கிறது. சுமை கூடக் கூட உச்சப் புள்ளி மேல் அதிர்வெண்களை நோக்கி நகரும் என்பதால், நிலையான ஒரு வேலி போதாது. மின்னோட்டத்தின் கட்டத்தையோ திசையையோ பார்த்துத் தடுக்கும் சுற்று தேவை. குறுக்குச்சுற்றின்போது ஒத்ததிர்வு மின்தேக்கியின் மின்னழுத்தத்தைப் பார்த்து அணைக்கும் ஏற்பாடு மட்டும் நம்பிக்கை தரும் வகையில் வேகமாக இயங்குகிறது.

உறுப்புகளின் தேர்வில் குறை சொல்ல அதிகமில்லை. ஒத்ததிர்வு மின்தேக்கியின் மேல் வருவது நிலையான 195 வோல்ட்டும், முழுச் சுமையில் அதற்கு மேல் சுமார் 147 வோல்ட் உச்சமுள்ள அலையும். பாலிபுரோப்பிலின் வகையில்கூட, நேர்மின்னழுத்தத்துக்குப் பொறிக்கப்பட்ட எண் பெரிதாக இருந்தாலும், தாங்கக்கூடிய மாறுமின்னழுத்தம் அதிர்வெண்ணோடு குறைந்துகொண்டே வரும். இங்கே அந்த வளைகோட்டைப் பார்த்தே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வெளியீட்டில் மின்தூண்டி இல்லாத அமைப்பு என்பதால், வெளியீட்டு மின்தேக்கிகளின் வழியே சுமை மின்னோட்டத்தில் 48 சதவீதம், அதாவது 9.7 ஆம்பியர், அலைமின்னோட்டம் ஓடுகிறது. பாலிமர் மின்தேக்கிகள் பல இணையாக வைக்கப்பட்டுள்ளன, ஆனால் மின்மாற்றியின் சூட்டுக்கு மிக அருகில். ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைக்க இடம் இருந்தும் செய்யவில்லை.

ஆய்வகப் பயன்பாட்டில் உறுத்தும் சிறு குறைகளும் உண்டு. முதன்மை மின்னோட்டத்தை அளக்கக் கிளாம்ப் மாட்டுவதற்குக் கம்பி வளையம் இல்லை. ஒரு தடத்தை வெட்டி நாமே கம்பி பற்றவைக்கவேண்டும். தொட்டி மின்னோட்டத்தைப் பார்க்காமல் எல்எல்சியைப் படிப்பது வீண் வேலை என்பதால் இது பெரிய மறதி. கேட் டெஸ்ட் பாயின்ட்டுக்கு அருகில் சோர்ஸ் முனை இல்லாததால், நீண்ட தரைக் கம்பியோடு அளப்பவருக்கு உண்மையில் இல்லாத துள்ளல்கள் திரையில் தெரியும். மிகக் குறைந்த சுமையில் மாற்றி விட்டுவிட்டு இயங்கும்போது மின்மாற்றி மெல்லிய சீறலை எழுப்புகிறது, அது பழுதன்று. உள்ளீட்டை மேசை வழங்கியிலிருந்து கொடுக்கும்போது அதிர்வெண் அசையாமல் நிற்கிறது. ஆனால் நடைமுறையில் முன்னால், மின்கட்டமைப்பின் மாறுமின்னழுத்தத்தை உயர் நேர்மின்னழுத்தமாக்கும் திறன்காரணி திருத்தி இருக்கும், அதன் வெளியீடு மின்கட்டமைப்பின் இரட்டிப்பு அதிர்வெண்ணில் ஏறி இறங்கும், ஆகவே எல்எல்சியின் அதிர்வெண்ணும் ஒத்ததிர்வுப் புள்ளியின் இருபுறமும் ஊசலாடும். 410 வோல்ட்டில் ஒருமுறையாவது சோதித்துப் பார்க்கவேண்டும்: ஒத்ததிர்வுக்கு மேலே செல்லும்போது இரண்டாம் பக்க மின்னோட்டம் தானாகச் சுழியத்துக்கு வருவதற்கு முன்பே வெட்டப்படுகிறது, அந்தப் பக்கத்தின் மென்மை போய்விடுகிறது.

மாணவர் ஆய்வகத்துக்கு இதை வாங்கலாம் என்றே பரிந்துரைக்கிறேன். டெட் டைம் திருகு ஒன்றுக்காகவே வாங்கலாம். ஏற்கெனவே எல்எல்சி வடிவமைத்துப் பழகியவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. 1 கிலோவாட்டுக்கு மேல் போக நினைப்பவர் கட்டம் பெயர்த்த முழுப்பாலத்தின் பலகை ஒன்றைத் தேடுவது நல்லது. வாங்குவோர் வேறுபாட்டு மின்னழுத்தக் கருவி (தரையோடு இணைக்காமல் இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தை அளக்கும் ஆசிலோஸ்கோப் முனைக்கருவி) ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடவேண்டும், ஆசிலோஸ்கோப்பின் தரைப் பற்றியை முதன்மைப் பக்கத்தில் மாட்டவே கூடாது. உள்ளீட்டிலுள்ள 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி 390 வோல்ட்டில் 7.6 ஜூல் ஆற்றலை வைத்திருக்கிறது. அதனுடன் இணையாக உள்ள 1 மெகா ஓம் மின்தடை அதை 50 வோல்ட்டுக்கு இறக்க மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. எச்சரிக்கை விளக்கு எதுவும் பலகையில் இல்லை. வழங்கியை அணைத்த பிறகும் மின்னழுத்தத்தை மீட்டரில் பார்த்துவிட்டே கை வைக்கவேண்டும்.